நாற்காலிக்கும் சொல்கிற சொல்

துறைமுகத்துக்கு மேலே, குன்றில் ஒரு சின்ன மடம். அதன் தலைவி, எல்லாரும் குரு என்று கூப்பிடுகிற ஹுய்லான் என்ற பெண் துறவி, அங்கே ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தார். வயது முப்பத்தொன்றுதான். சின்ன வயதில் வெள்ளைக்காரப் பாதிரியார் வீட்டுச் சமையலறையில் வளர்ந்தவர்.

அவர் பாடம் நடத்துகிற விதமே வேறு. ஒருத்தருக்கு ஒரு சொல், அவ்வளவுதான். அதைக் கொண்டுபோய்ப் புழங்கி, நாலு இடத்தில் அடிபட்டு, சொல் தேய்ந்தபிறகு வந்தால் அடுத்தது கிடைக்கும். முட்டை வியாபாரி ஒருவர் ‘நாளை’ என்ற சொல்லை வாங்கிக்கொண்டு போய் நாலு வருஷமாகிறது. இன்னும் திரும்பி வரவில்லை. கேட்டால், "இதுவே முடியலப்பா" என்கிறார்.

ஒரு திங்கட்கிழமை லியாங் படியேறி வந்தார்.

லியாங்குக்கு அறுபத்திரண்டு வயது. துறைமுக வழிகாட்டி. துறைமுக வாயில் முழுக்க மணல்திட்டு; வெளியூர்க் கப்பல் எதுவும் தானாக உள்ளே வர முடியாது. லியாங் படகில் போய்க் கப்பலில் ஏறி, கேப்டன் பக்கத்தில் நின்று, இடம், வலம், மெதுவா, நிறுத்து என்று தொண்டை கிழியக் கத்தி உள்ளே கூட்டிவருவார். முப்பத்தெட்டு வருஷமாக இதே வேலை. அந்த நாலு ஆங்கிலச் சொல்லும் அவரிடம் ஏற்கெனவே இருந்தன. ஐந்தாவதுக்குத்தான் வந்தார்.

"எனக்கு ‘சாரி’ வேணும்," என்றார். உட்காரக்கூட இல்லை.

குரு சமையலறைத் தரையில் பீன்ஸுக்கு நார் உரித்துக்கொண்டிருந்தார். பாடமெல்லாம் அங்கேதான்.

"எதுக்கு?"

"வெள்ளிக்கிழமை ஒரு கப்பல் வருது. அதுல என் மக வர்றா."

"அந்தச் சொல்லைக் கேட்டிருக்கீங்களா?"

"கேக்காம என்ன? வெள்ளைக்காரன் நாளைக்கு நாப்பது தடவை சொல்றான். இடிச்சா சொல்றான். காது கேக்கலைன்னா சொல்றான். புகையிலை இருக்கான்னு கேட்டா, இல்லைங்கறதுக்கு முன்னாடி அதைச் சொல்றான். எவனாவது செத்துப்போனா, இவனே கொன்ன மாதிரி போய்ச் சொல்றான். ஒரு கேப்டன் நாற்காலியில முட்டிக்கிட்டு அந்த நாற்காலிக்கே சொன்னான். என் கண்ணால பார்த்தேன். இதுல எதும்மா நிஜ அர்த்தம்?"

"நாற்காலி என்ன சொல்லிச்சு?"

லியாங்குக்குச் சுருக்கென்றது. நம் மகள் வயசு, நம்மையே நக்கல் பண்ணுகிறதே என்று நினைத்தார்.

"நாற்காலி என்னத்தைச் சொல்லும்!"

"கீழ போங்க," என்றார் குரு. "நூறு பேருக்குச் சொல்லிட்டு நாளைக்கு வாங்க."

லியாங் போனார். சும்மா சொல்லக்கூடாது, ஆள் எடுத்த வேலையை விடமாட்டார். மீன் சந்தையில் வேண்டுமென்றே தோளில் இடித்து, சாரி. கூடையைத் தாண்டும்போது சாரி. தண்ணீர் சுமக்கிறவனை வழிமறித்து, சாரி. நண்டு விற்கிறவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்:

"என்னய்யா வழிகாட்டி, விடிஞ்சதும் விடியாததுமா ஏத்திக்கிட்டு வந்துட்டியா?"

"சாரி," என்றார் லியாங்.

மறுநாள் குன்றேறி வந்தபோது முகமெல்லாம் சிரிப்பு.

"நூத்திப் பதினேழு பேரும்மா! தண்ணி மாதிரி வருது. நாக்குல ஒட்டவே மாட்டேங்குது. அருமையான சொல். நம்ம பாஷையில இப்படி ஒண்ணு இல்லையே!"

"நம்ம பாஷையில என்ன இருக்கு?"

"மூணு இருக்கு. தோள் இடிச்சா ஒண்ணு. கடுதாசியில எழுத ஒண்ணு. மூணாவது..." லியாங் நிறுத்தினார். "மூணாவதுக்கு முதுகு வளையணும்."

"உங்க மகளுக்கு எந்த பாஷை தெரியும்?"

"நம்ம பாஷைதான். இந்த ஊர்ல பொறந்தவதானே."

குரு ஒரு பீன்ஸை எடுத்து நார் உரித்தார். இன்னொன்றை எடுத்தார். லியாங்குக்குக் காது மடல் சூடாயிற்று. எழுந்து போய்விடலாமா என்றுகூட நினைத்தார். போகவில்லை.

"இங்கிலீஷ்ல சொன்னா லேசா இருக்கும்னு பார்த்தேன்," என்றார் கடைசியில்.

"யாருக்கு?"

லியாங் சட்டைக்குள்ளிருந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினார். மகள் ஸூயிங் பினாங்கிலிருந்து எழுதியது. மூன்றே வரி. கப்பல் தண்ணீர் பிடிக்க ஒரு நாள் நிற்கும். நான் இறங்க மாட்டேன். பார்க்கணும் என்றால் நீங்கள் வாருங்கள்.

"என்ன செஞ்சீங்க?" என்றார் குரு.

"ஒரு கப்பல் மணல்ல ஏறிடுச்சு. ஒன்பது வருஷம் முன்னாடி. அன்னிக்கு முன்னால நின்னு, ஈயக்குண்டு கட்டின கயித்தை இறக்கி, ஆழம் பார்த்துச் சொன்னது ஸூயிங். தப்பாச் சொல்லிட்டா. ஊருக்கே தெரியும்."

"தப்பாவா சொன்னா?"

லியாங் தேநீரைக் குடித்தார். கிண்ணம் காலியானபிறகும் வாயிலிருந்து எடுக்கவில்லை.

"சரியாத்தான் சொன்னா," என்றார், கிண்ணத்துக்குள்ளேயே.

அதற்கப்புறம் நிறுத்த முடியவில்லை. "மூணு பாகம், மூணு ஆள் ஆழம்தான்னு கத்தினா. திருப்புங்கப்பான்னு கத்தினா. எனக்குத் தெரியாத மணலான்னு நான் திருப்பல. ஏறிடுச்சு. கப்பல்காரங்க விசாரிச்சாங்க. பொண்ணு ஆழத்தைத் தப்பாச் சொல்லிட்டான்னு சொல்லிட்டேன். வழிகாட்டியே தப்புப் பண்ணினான்னா அப்புறம் எவன் நம்பிக் கப்பலைக் கொடுப்பான்? அவ பக்கத்துலதான் நின்னா. என்னை ஒரு தடவை பார்த்தா. வாயைத் திறக்கல. அந்த வாரமே பினாங்கு கப்பல்ல ஏறிட்டா."

ஒன்பது வருஷத்தில் இதை வாய்விட்டுச் சொன்னது இதுதான் முதல் தடவை. குரு ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தார். திட்டினாலும் பரவாயில்லை.

குரு எழுந்தார். சமையலறை மூலையில் இடுப்புயரத்துக்கு ஒரு மண்ஜாடி இருந்தது. சமையல்காரி ஃபாங் எட்டு மாதத்துக்கு முன் கடுகுக்கீரை ஊறுகாய் போட்டு, வாயை மண்ணால் பூசி வைத்த ஜாடி. அறுவடைத் திருநாளுக்குத் திறப்பதற்காக அதை யாரையும் தொடவிடாமல் காத்துவந்தாள். குரு இரண்டு கையாலும் அதைப் பிடித்துச் சாய்த்தார்.

ஜாடி படாரென்று உடைந்தது. புளித்த நெடி மூக்கில் ஏறியது. லியாங் வாயைப் பிளந்தபடி நின்றார்.

ஃபாங் கரண்டியும் கையுமாக ஓடிவந்தாள். தரையைப் பார்த்தாள்.

"யாரு? யாரு செஞ்சது?"

"லியாங் ஐயா கை தட்டிடுச்சு," என்றார் குரு. குரலில் ஒரு நடுக்கமும் இல்லை.

"யோவ் பெரியவரே!" ஃபாங் கரண்டியை ஓங்கினாள். "இங்கிலீஷ் படிக்க வந்தியா, ஜாடி உடைக்க வந்தியா? கடல்ல கப்பலை ஓட்டுறேன்னு சொல்லிக்கிற, ஒரு அடுக்களைக்குள்ள கையைக் காலை வச்சுக்கிட்டு நிக்கத் தெரியாதா? எங்க அம்மா கொடுத்த ஜாடிய்யா அது!"

லியாங் குருவைப் பார்த்தார். குரு உட்கார்ந்து பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்தார்.

‘நான் இல்லை’ என்று சொல்ல லியாங் வாயெடுத்தார். அப்புறம்? மடத்துத் தலைவி பொய் சொல்கிறார் என்றா சொல்வது? எவன் நம்புவான்? ஒன்றும் பேசாமல் படியிறங்கினார்.

சாயங்காலத்துக்குள் குரு உண்மையைச் சொல்லிவிடுவார் என்று நினைத்தார். சொல்லவில்லை. புதன்கிழமை சந்தைக்குள் நுழைந்ததுமே நண்டுக்காரி, "ஜாடி வருது, ஒதுங்குங்க!" என்று குரல் கொடுத்தாள். எல்லாரும் சிரித்தார்கள். அவருடைய படகில் துடுப்பு போடுகிற தாங், முப்பது வருஷத்துப் பழக்கம், அவரும் சிரித்தார். லியாங்குக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு ஊறுகாய் ஜாடிக்கு இவ்வளவு எரியுமா என்று அவருக்கே வெட்கமாக இருந்தது. எரிந்ததென்னவோ உண்மை. தப்புச் செய்தவர் பேசாமல் இருப்பதும், செய்யாதவன் தலைகுனிந்து நடப்பதும் எந்த ஊர் நியாயம்?

அந்தக் கேள்வி வந்த இடத்திலேயே லியாங் நின்றுவிட்டார். நடுச் சந்தையில். பின்னால் வந்த கைவண்டிக்காரன் கத்தினான். அது அவர் காதில் விழவில்லை.

வியாழக்கிழமை குன்றேறினார். மூச்சு வாங்கியது.

"நீங்க இன்னும் சொல்லல," என்றார்.

"சாரி," என்றார் குரு. கேப்டன் நாற்காலிக்குச் சொன்ன அதே மாதிரி.

"இது வேணாம்!"

"முந்தாநாள் அருமையான சொல்லுன்னு சொன்னீங்களே."

"இதை என்கிட்ட சொல்லி என்ன பிரயோசனம்? ஃபாங்குக்குத் தெரியணும். ஊருக்குத் தெரியணும்!"

குரு அவரையே பார்த்தார். அதற்குள் மரப்பலகை தட்டுகிற சத்தம் கேட்டது. மதியச் சாப்பாட்டு நேரம்.

அந்த மடத்தில் சாப்பாட்டு நேரத்தில் ஒருவரும் பேசக்கூடாது. எல்லாரும் வரிசையாக உட்காருவார்கள். சமையல்காரி தலைவியின் முன்னால் முதலில் குனிந்து வணங்கிவிட்டுப் பரிமாறத் தொடங்குவாள். மடம் கட்டிய நாளிலிருந்து அப்படித்தான். அன்றைக்கு முப்பது பேருக்கு மேல் இருந்தார்கள்; பாதிப் பேர் துறைமுகத்திலிருந்து வந்தவர்கள். லியாங் கதவோரம் நின்றார்.

ஃபாங் கஞ்சிப் பானையோடு வந்து குருவின் முன் குனியப் போனாள்.

குரு எழுந்து, அவளுக்கு முன்னால் முழங்காலிட்டார். நெற்றி தரையில் பட்டது.

"ஜாடியை உடைச்சது நான்," என்றார். அந்த நிசப்தத்தில் ஒவ்வொரு எழுத்தும் கேட்டது. "வேணும்னுதான் உடைச்சேன். லியாங் ஐயா மேல பழியைப் போட்டேன். ரெண்டு நாள் அவர் தலைகுனிஞ்சு நடந்ததை இங்கேர்ந்து பார்த்துக்கிட்டு இருந்தேன்."

பிறகு அந்தச் சொல்லைச் சொன்னார். ஆங்கிலச் சொல் இல்லை. மூன்றாவது சொல்.

லியாங் புயலில் கப்பல் விட்டவர். பாய்மரம் முறிந்து தலைக்கு மேல் வந்தபோதும் கண்ணை மூடாதவர். இப்போது கதவைப் பிடித்துக்கொண்டார். இவ்வளவு பெரிய ஒன்றை இவ்வளவு பக்கத்தில் அவர் பார்த்ததில்லை. தரையில் கிடந்த அந்தச் சின்ன உடம்பு சுற்றி உட்கார்ந்திருந்த முப்பது பேரைவிட உயரமாகத் தெரிந்தது. தரையில் ஊன்றியிருந்த குருவின் விரல்கள் நடுங்கின. குருவுக்கும் பயம்தான்! அதுதான் லியாங்கை ஆட்டிவைத்தது.

எல்லாரும் ஃபாங்கைப் பார்த்தார்கள். அவள் பதறி, குருவைத் தூக்கிவிட்டு, கையைப் பிடித்துக்கொண்டு அழுவாள் என்று எதிர்பார்த்தார்கள்.

"எட்டு மாசம் ஊறின கீரை," என்றாள் ஃபாங். பானையைத் தூக்கிக்கொண்டு அடுத்த வரிசைக்குப் பரிமாறப் போய்விட்டாள்.

குரு எழுந்து தன் இடத்தில் உட்கார்ந்தார். சாப்பாடு முடிகிறவரை அந்தக் கூடத்தில் கிண்ணச் சத்தம்தான்.

வெள்ளிக்கிழமை காலை கப்பல் வாயிலுக்கு வெளியே வந்து நின்றது. லியாங்கின் படகு கிளம்பியது. எட்டுத் துடுப்புக்காரர்கள். கப்பலை ஒட்டிப் படகை நிறுத்தினதும் கயிற்று ஏணி இறங்கியது.

"எல்லாரும் மேல வாங்கடா," என்றார் லியாங்.

"படகை யார் பார்க்கறது தலைவரே?" என்றார் தாங்.

"கட்டிப்போட்டுட்டு வாங்க."

"கப்பல்ல விருந்தா?"

"வாங்கடான்னா!"

ஸூயிங் மேல்தளத்தில் நின்றிருந்தாள். தலைமுடியைக் கத்தரித்திருந்தாள். விரலெல்லாம் மைக்கறை, பினாங்கில் கடல் வரைபடம் வரைகிற வேலை. அப்பாவைப் பார்த்துத் தலையை லேசாக அசைத்தாள். அவ்வளவுதான். ஒரு அடிகூட முன்னால் வரவில்லை.

கேப்டன் கை நீட்டினார். லியாங் அவரைத் தாண்டிப் போனார்.

நூற்றுப் பதினேழு தடவை சொன்ன சொல் நாக்கு நுனியில் தயாராக நின்றது. சொல்லிவிட்டால் ஒரு நொடியில் முடிந்துவிடும். துடுப்புக்காரர்களுக்குப் புரியக்கூடச் செய்யாது. லியாங் வாயை மூடிக்கொண்டார். பிறகு முழங்காலிட்டார். அறுபத்திரண்டு வயது முழங்கால் பலகையில் டொக்கென்று இடித்தது.

"ஒன்பது வருஷம் முன்னாடி இந்தப் பொண்ணு ஆழத்தைச் சரியாத்தான் சொன்னா," என்றார், துடுப்புக்காரர்களுக்கும் கேட்கிற மாதிரி. கத்திப் பழகின குரல், கப்பல் முழுக்கக் கேட்டது. "மூணு பாகம்னு சொன்னா. நான்தான் திருப்பல. அப்புறம் பொய் சொன்னேன். உங்க எல்லார்கிட்டயும் பொய் சொன்னேன்."

தலையைத் தரையில் வைத்தார். மூன்றாவது சொல்லைச் சொன்னார்.

"சாரி?" என்றார் கேப்டன். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

தாங் தலையிலிருந்த பனையோலைத் தொப்பியைக் கழற்றி, ஸூயிங்கைப் பார்த்தபடி கையில் வைத்துக்கொண்டார். மற்ற ஏழு பேரும் ஒவ்வொருவராகக் கழற்றினார்கள்.

ஸூயிங்கின் முகத்தில் எதுவும் மாறவில்லை. கம்பியைப் பிடித்திருந்த கை மட்டும் இறுகியது.

லியாங் எழுந்தார். எழுந்திருக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. கப்பலை உள்ளே கொண்டுபோக வேண்டுமே.

"முன்னால நின்னு ஆழம் சொல்றியாம்மா?" என்று மகளைக் கேட்டார்.

"அதுக்கு ஆள் இருக்கு," என்றாள் ஸூயிங். கடல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

லியாங் கப்பலை உள்ளே கொண்டுவந்து சேர்த்தார். வாழ்க்கையிலேயே அவ்வளவு மெதுவாக எந்தக் கப்பலையும் அவர் கொண்டுவந்ததில்லை. ஆழம் சொன்ன மாலுமி எதைச் சொன்னாலும் கேட்டுக்கொண்டார்.

மதியத்துக்கு மேல் குன்றேறினார். ஈரம் காயாத சட்டையோடு சமையலறை வாசலில் நின்றார். குரு தனியாக உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்.

"சொல்லிட்டேன்," என்றார் லியாங். "மூணாவதைச் சொன்னேன்."

"ம்."

"ஊரே பேசுது. இனிமே எவன் கப்பலைக் கொடுப்பான்னு தெரியல. அது போகட்டும். அதுக்குப் பயமில்ல இப்ப. ஆனா அவ ஒண்ணுமே சொல்லலம்மா. ஒரு வார்த்தை. நல்லதாவோ கெட்டதாவோ. முகத்தைத் திருப்பிக்கிட்டா."

குரு கஞ்சியைக் குடித்தார்.

"ஃபாங் உங்ககூடப் பேசிட்டாளா?" என்று கேட்டார் லியாங்.

"இல்ல. என் கஞ்சியில மட்டும் உப்பு போடறதில்ல."

"என்னம்மா இது! முப்பது பேர் முன்னாடி முழங்கால் போட்டீங்க. அதுக்கு மேல என்ன வேணுமாம் அவளுக்கு? உங்களுக்குக் கோபமே வரலையா?"

"உப்பில்லாட்டியும் கஞ்சி குடிக்கிற மாதிரிதான் இருக்கு."

லியாங் நிலைப்படியில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் மறுபடி எழுந்தார். கீழே துறைமுகத்தில் அந்தக் கப்பல் தண்ணீர் ஏற்றிக்கொண்டிருந்தது.

"நாளைக்குக் காலையில போயிடும்மா அந்தக் கப்பல். இப்ப போனா பிடிச்சுடலாம். மன்னிச்சேன்னு சொல்ல வேணாம். மன்னிக்கலைன்னாவது சொல்லிட்டுப் போகட்டும். போய்க் கேக்கட்டுமா?"

குரு கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"ஒன்பது வருஷத்துல, லியாங் ஐயா, ஒரு தடவையாவது அவ உங்களை அவசரப்படுத்தினாளா?"